கும்மட்டம் இல்லை, மினார் இல்லை. 47 கதவு உண்டு! தீயில் கருகியும் விழாத 4 மாடிப் பள்ளிவாசல்

போர்ச்சுகீசியர் நடத்திய அட்டூழியம். பதிலடி கொடுத்தது இந்து மன்னர் படை

கோழிக்கோடு:

ரம்சான் மாதம். 22-வது நோன்பு. வியாழக்கிழமை.

கடல் வழியாக வந்த ஆயுதக் கும்பல் ஒன்று கரை இறங்கி ஊருக்குள் புகுந்தது. எதிர்ப்பட்டவர்களை வெட்டியது. வீடுகளைக் கொளுத்தியது. ஊரின் பெரிய பள்ளிவாசலையும் விட்டு வைக்கவில்லை. அதற்கும் தீ வைத்தது.

மரத்தால் ஆன கட்டிடம். தீ பிடித்தால் கேட்கவா வேண்டும்? மளமளவென்று எரிந்தது.

இது நேற்று நடந்த சம்பவம் அல்ல. 1510-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி நடந்தது. ஐநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தீ வைத்தவர்களும் இல்லை, அவர்களை ஏவிய ராஜாவும் இல்லை. ஆனால் தீ வைக்கப்பட்ட பள்ளிவாசல் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. மேல் மாடியில் அந்தச் சேதத்தின் அடையாளத்தை இன்றைக்கும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

அதுதான் கோழிக்கோடு குற்றிச்சிறையில் உள்ள மிஷ்கால் பள்ளி.

"பள்ளிவாசல் எங்கே?"

கோவையில் இருந்தோ சென்னையில் இருந்தோ முதல் தடவையாகப் போகிறவர்கள் குற்றிச்சிறைக் குளத்தின் கரையில் நின்று திருதிருவென்று விழிப்பது உண்டு.

"இக்கா, பழைய பள்ளிவாசல் எங்கே இருக்கு?" என்று கேட்டால், கேட்டவருக்கு எதிரிலேயே கையைக் காட்டுவார்கள்!

நம்ம ஊர்க்காரர்கள் தேடுவது வெள்ளைக் கும்மட்டத்தையும் வானை முட்டும் மினாரையும். இங்கே இரண்டும் கிடையாது. அடுக்கடுக்காக ஓட்டுக் கூரை. முகப்பில் முக்கோண மரவேலை. சுற்றிலும் பச்சையும் நீலமும் கலந்த வர்ணம் பூசிய மரச்சட்டங்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் மலையாள நாட்டுக் கோவில் என்பார்கள். இல்லை, பழைய அரண்மனை என்பார்கள்.

உள்ளே போனால்தான் தெரியும், தொழுகை நடக்கிற இடம் என்று. சித்திர வேலை செய்த 24 தூண்கள். 47 கதவுகள். சுமார் 400 பேர் ஒரே நேரத்தில் தொழலாம். கீழ்ப்பகுதிக்குக் கட்டுச் சுவர். மேலே போகப் போக எல்லாம் மரம்.

முதலில் 5 மாடி இருந்ததாம். தீ விபத்துக்குப் பிறகு திரும்பக் கட்டியபோது 4 மாடியாக நின்றுவிட்டது.

கப்பல் முதலாளி

இதைக் கட்டியவர் மன்னரும் அல்ல, நவாபும் அல்ல. ஒரு வியாபாரி. பெயர் நாகுதா மிஷ்கால். ஏமன் நாட்டில் இருந்து வந்து கோழிக்கோட்டில் தங்கிய அரபு வணிகர் என்கிறார்கள்.

"நாகுதா" என்றால் கப்பல் முதலாளி அல்லது கப்பல் தலைவர். "மிஷ்கால்" என்பது தங்கத்தை நிறுக்கிற எடை. ஒரு மிஷ்கால் சுமார் நாலேகால் கிராம். அதாவது அரைப் பவுனுக்குக் கொஞ்சம் கூடுதல். பெயரிலேயே தங்கம்!

ஆள் எவ்வளவு பெரிய புள்ளி என்பதற்குச் சாட்சி இருக்கிறது. மொராக்கோ நாட்டில் இருந்து புறப்பட்டு உலகம் சுற்றிய இப்னு பதூதா 14-ம் நூற்றாண்டில் கோழிக்கோடு வந்தார். துறைமுகத்தில் அப்போது 13 சீனக் கப்பல்கள் நின்றதாக எழுதி வைத்திருக்கிறார். அதே இடத்தில்தான் மிஷ்கால் என்ற கப்பல் முதலாளியைப் பற்றியும் எழுதுகிறார். ஏராளமான சொத்து, ஏராளமான கப்பல்கள், சீனா முதல் ஏமன், பாரசீகம் வரை வியாபாரம். அப்படிப்பட்ட ஆள்.

மிளகு, இஞ்சி, ஏலம் இவற்றில் சம்பாதித்த பணத்தில் கட்டிய பள்ளிவாசல் இது. பணம் கடல் கடந்து வந்தது. ஆனால் மரம் உள்ளூர் மரம். தச்சர்களும் உள்ளூர் தச்சர்கள்.

மழை போட்ட பிளான்

அரபு நாட்டில் இருந்து வந்தவர், அரபு நாட்டுப் பாணியில் ஏன் கட்டவில்லை?

முதல் காரணம் மழை. கோழிக்கோட்டில் வருஷத்துக்குச் சுமார் 3 ஆயிரம் மில்லி மீட்டர் மழை பெய்கிறது. கோவையில் பெய்வதைப் போல 4 மடங்கு என்று வைத்துக் கொள்ளலாம். ஜூன் மாதம் பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. மொட்டை மாடி கட்டினால் தண்ணீர் தேங்கி ஒழுகும். சரிந்த கூரை போட்டால் விழுந்த வேகத்தில் வழிந்து ஓடிவிடும். கூரை சுவரைத் தாண்டி நீண்டு நின்றால் சாரலும் சுவரில் அடிக்காது. மலையாள நாட்டில் கோவிலும் வீடும் அரண்மனையும் இப்படித்தான். பள்ளிவாசலுக்கு மட்டும் மழை தனி சலுகை காட்டுமா என்ன?

இரண்டாவது காரணம் பொருள். மலபாரில் கிடைப்பது செம்புரைக்கல். மண்ணுக்குள் இருக்கும்போது மெதுவாக இருக்கும், வெட்டி எடுக்கலாம். காற்றுப் பட்டதும் இறுகிவிடும். கீழ்ச்சுவருக்கு அது போதும். மேலே ஏற்றினால் பாரம். எனவே மேல் மாடிகளுக்குத் தேக்கும் மற்ற உறுதியான மரங்களும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். கை. அந்தக் காலத்து ஆசாரிமார்களுக்குத் தெரிந்த வேலை கோவில் வேலை, அரண்மனை வேலை, கப்பல் வேலை. பக்கத்தில் உள்ள பேப்பூரில் மரக்கப்பல் கட்டுவது பல நூறு வருஷத்துத் தொழில். "உரு" என்று சொல்லப்படும் அந்தப் பெரிய மரக்கப்பல்களை அரபு நாட்டுக்காரர்கள் இங்கே வந்து சொல்லி வைத்துக் கட்டி வாங்கிப் போவது வழக்கம். ஒரு மரத்தை இன்னொரு மரத்துக்குள் பூட்டுகிற வித்தை தெரிந்த ஊர் இது.

ஆக, வழிபாடு இஸ்லாம். கட்டிட வேலை மலையாளம். இரண்டும் சண்டை போட்டுக் கொள்ளவில்லை.

இன்னொரு பொருத்தம் பாருங்கள். மலையாளக் கோவில்கள் பெரும்பாலும் கிழக்கு வாசல் கொண்டவை. பள்ளிவாசலில் தொழுகிறவர்கள் மக்காவை நோக்கி நிற்க வேண்டும். மக்கா நமக்கு மேற்கே இருக்கிறது. கிழக்கு வாசல் வழியாக நுழைந்தால் முகம் தானாகவே மேற்கு நோக்கி இருக்கும். கோவில் கட்டிப் பழகிய ஆசாரி திசையை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

நம்ம பக்கமும் இது உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே பழைய பள்ளிவாசல்கள் கல் தூண் மண்டபங்களாக நிற்கும். பாண்டி நாட்டில் கல் தச்சர், மலையாள நாட்டில் மரத் தச்சர். வித்தியாசம் அவ்வளவுதான்.

பகை மூண்டது எப்படி?

இனி தீ வைத்த கதைக்கு வருவோம்.

1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு கரைக்கு வந்தார். மிளகு வேண்டும் என்றார். அன்றைக்குக் கோழிக்கோட்டை ஆண்டவர் சாமூத்திரி மன்னர். இந்து. அவருடைய துறைமுகத்தில் அரபு வணிகர், குஜராத் வணிகர், தமிழ்ச் செட்டியார்கள் எல்லோரும் வியாபாரம் செய்து கொண்டிருந்தார்கள். புதிதாக வந்தவரும் செய்யட்டும் என்றார் மன்னர்.

வந்தவர்களுக்கு அது போதவில்லை. மொத்த மிளகும் தங்களுக்கே வேண்டும்!

1500-ல் கப்ரால் வந்தார். அடிதடி மூண்டது. போர்ச்சுகீசியர் பண்டகசாலை தாக்கப்பட்டு, பலர் கொல்லப்பட்டார்கள். பதிலுக்குக் கப்ரால் கப்பலில் இருந்து ஊரைப் பீரங்கியால் சுட்டார்.

1502-ல் வாஸ்கோ ட காமா இரண்டாம் முறை வந்தார். இந்தத் தடவை அவர் செய்தது கேட்பவர் நெஞ்சைப் பதற வைக்கும். மக்காவுக்கு ஹஜ் யாத்திரை போய்த் திரும்பிய கப்பல் ஒன்றைக் கடலில் மறித்தார். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானவர்கள் இருந்த கப்பல். பணத்தைப் பறித்துக் கொண்டு, ஆட்களோடு கொளுத்தினார்.

பிறகு கோழிக்கோட்டுக்கு வந்து, "முஸ்லிம்களை எல்லாம் ஊரை விட்டு வெளியேற்று" என்று மன்னரிடம் கேட்டார்.

முடியாது என்றார் சாமூத்திரி.

மறுபடியும் பீரங்கி முழங்கியது.

தளபதி பலி

1509-ன் கடைசியில் போர்ச்சுகல்லில் இருந்து பெர்னாண்டோ கொட்டின்ஹோ என்ற மார்ஷல் பெரிய கப்பற்படையோடு வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டை ஒழித்துக்கட்ட வேண்டும் என்பது அவருக்கு அவருடைய ராஜா மானுவேல் போட்டிருந்த உத்தரவு. கூடவே சேர்ந்து கொண்டவர் அல்புகர்க். பிற்பாடு கோவாவைப் பிடித்த அதே அல்புகர்க்தான்.

1510 ஜனவரி முதல் வாரம். சாமூத்திரி அப்போது ஊரில் இல்லை. நல்ல சமயம் என்று இறங்கினார்கள்.

பள்ளிவாசல் எரிந்தது அப்போதுதான். பொன்னானியைச் சேர்ந்த இஸ்லாமிய அறிஞர் ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் 16-ம் நூற்றாண்டில் அரபு மொழியில் எழுதிய "துஹ்பத்துல் முஜாஹிதீன்" என்ற வரலாற்று நூலில் நாள், கிழமையோடு இதைக் குறித்து வைத்திருக்கிறார். நாகுதா மிஷ்கால் கட்டிய ஜும்மா பள்ளி என்று பெயரும் சொல்கிறார். எப்.ஐ.ஆர். மாதிரி!

கொட்டின்ஹோவுக்குக் கண் அரண்மனை மீது. ஆட்களைக் கூட்டிக் கொண்டு உள்ளே போனார். கொள்ளை நடந்தது. கை நிறைய அள்ளியவர்கள் வெளியே வரும் வழியை மறந்துவிட்டார்கள்.

நாயர் படை வளைத்துக் கொண்டது. குறுகலான சந்துகள். கனமான கவசம். தோளில் கொள்ளைப் பொருள். ஓட முடியுமா? கொட்டின்ஹோ அங்கேயே செத்தார். கூடப் போனவர்களிலும் பலர் திரும்பவில்லை. அல்புகர்க் படுகாயம் அடைந்தார். அவரைக் கப்பலுக்குத் தூக்கிக் கொண்டு ஓடினார்கள்.

கோழிக்கோட்டைப் பிடிக்க வந்தவர்கள் தளபதியைப் பறிகொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அவர்கள் வைத்த தீயில் பள்ளிவாசல் கருகிக் கிடந்தது.

61 ஆண்டு கழித்து

சம்பவம் அதோடு முடியவில்லை.

1531-ல் கோழிக்கோட்டுக்குத் தெற்கே சாலியாறு கடலில் கலக்கிற சாலியத்தில் போர்ச்சுகீசியர் ஒரு கோட்டை கட்டினார்கள். அங்கே இருந்த பழைய பள்ளிவாசலை இடித்து, அந்தக் கல்லையும் கோட்டைக்குப் போட்டார்கள். சாமூத்திரியின் கழுத்துக்கு நேராகத் துப்பாக்கி பிடித்த மாதிரி 40 வருஷம் அந்தக் கோட்டை நின்றது.

1571-ல் சாமூத்திரி படை சாலியத்தை முற்றுகை இட்டது. நாயர் வீரர்களும் மாப்பிள்ளை முஸ்லிம்களும் சேர்ந்து நின்றார்கள். கடல் பக்கம் மரைக்காயர்கள் பார்த்துக் கொண்டார்கள். உள்ளே சாப்பாடு தீர்ந்தது. கோட்டை சரண் அடைந்தது.

சாமூத்திரி செய்த காரியம் என்ன தெரியுமா? கோட்டையைக் கல் கல்லாகப் பெயர்த்து எடுக்கச் சொன்னார். கல்லும் மரமும் கோழிக்கோட்டுக்கு வந்தன. ஒரு பங்கை, இடிக்கப்பட்ட சாலியம் பள்ளிவாசலைத் திரும்பக் கட்டுவதற்காக அங்கேயே விட்டுக் கொடுத்தார். இதையும் மக்தூம் எழுதி வைத்திருக்கிறார்.

களவு போன சொத்து உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது!

கோழிக்கோட்டுக்கு வந்த மரங்கள் மிஷ்கால் பள்ளியைப் பழுது பார்க்கவும் பயன்பட்டன என்பது ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் செய்தி.

ஒரு இந்து மன்னர், முஸ்லிம்களை வெளியேற்ற மாட்டேன் என்று சொன்னதற்காகப் பீரங்கிக் குண்டு வாங்கினார். அவருடைய படையே பிறகு அந்தக் கணக்கைத் தீர்த்தது. இதை இன்றைக்குப் பலர் மறந்துவிட்டார்கள். பள்ளிவாசல் மறக்கவில்லை.

கல்லிலும் சாட்சி

குற்றிச்சிறையில் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. நடந்து போகிற தூரத்தில் முச்சுந்திப் பள்ளி. அதுவும் ஓட்டுக் கூரை, மரவேலை கொண்ட பழைய பள்ளிவாசல்தான். அங்கே ஒரு கல்வெட்டு. ஒரு பகுதி அரபு எழுத்து. இன்னொரு பகுதி வட்டெழுத்து. பள்ளிவாசல் செலவுக்குச் சாமூத்திரி மானியம் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது.

வட்டெழுத்து என்றால் நம்ம பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளில் இருக்கிறதே, அதே எழுத்துக் குடும்பம்தான். ஒரே கல்லில் அரபும் வட்டெழுத்தும்! மிஷ்கால் பள்ளியில் மரம் சொல்வதைத்தான் இங்கே கல் சொல்கிறது.

இடிக்காமல் விட்டதே பெரிய காரியம்

தீயில் இருந்து தப்பியது ஒரு அதிசயம் என்றால், சிமெண்டில் இருந்து தப்பியது இன்னொரு அதிசயம்.

1970-களில் இருந்து வளைகுடா நாட்டுப் பணம் கேரளத்துக்கு வரத் தொடங்கியது. ஊருக்கு ஊர் பள்ளிவாசல்களைப் பெரிதாக்கினார்கள். ஜனத்தொகை கூடிவிட்டது, இடம் போதவில்லை. நியாயமான காரணம்தான். ஆனால் ஓட்டுக் கூரையையும் மரத் தூணையும் இடித்துவிட்டு கான்கிரீட் போட்டு, மேலே கும்மட்டமும் மினாரும் வைத்தார்கள். பள்ளிவாசல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு எண்ணம் பரவிவிட்டது. பரம்பரையாக இருந்த தச்சு வேலை லாரியில் ஏறிப் போனது.

பெயர் பெற்ற கொடுங்கல்லூர் சேரமான் பள்ளிக்கே இந்தக் கதி. 1974-ல் பழைய கட்டிடத்தின் பகுதிகளை இடித்து கான்கிரீட்டில் விரிவாக்கினார்கள். பழைய தோற்றம் மறைந்தது. பல வருஷம் கழித்து, முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தின் கீழ் அந்தப் புதிய கட்டிடத்தை அகற்றி, பழைய ஓட்டுக் கூரைத் தோற்றத்துக்குத் திரும்பக் கொண்டு வந்தார்கள். இடிக்க ஒரு செலவு, இடித்ததை மீட்க இன்னொரு செலவு!

குற்றிச்சிறைக்காரர்கள் அந்த வழிக்குப் போகவில்லை. கூட்டம் அதிகம் சேர்கிற தொழுகைக்குப் பக்கத்திலேயே பெரிய ஜும்மா பள்ளி இருக்கிறது. மிஷ்கால் பள்ளியை அதன் போக்கில் விட்டு, பழுது பார்த்துக் காப்பாற்றி வருகிறார்கள்.

காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. மரத்துக்கு எதிரி ஒன்றா, இரண்டா? கரையான் ஒன்று. கூரையில் ஒரு ஓடு நகர்ந்தால் போதும். தண்ணீர் உத்திரத்தில் இறங்கும், இரண்டு மழைக்காலத்தில் உளுத்துவிடும். கடல் காற்றின் உப்பு ஆணியைத் தின்னும். எல்லாவற்றுக்கும் மேலே மின்சாரக் கோளாறு. போர்ச்சுகீசியர் இப்போது வரமாட்டார்கள். ஆனால் ஒரு பழைய வயர் உரசினால் அவர்கள் செய்த வேலையை அதுவே செய்துவிடும்.

இன்னொரு கவலை, ஆள். 24 தூணில் ஒன்று பழுதானால் அதே மாதிரி செதுக்கிப் பூட்டுவதற்குக் கைப்பக்குவம் உள்ள தச்சர் வேண்டும். பேப்பூரில் உரு கட்டும் தொழில் சுருங்கச் சுருங்க, அப்படிப்பட்ட கைகளும் குறைந்து கொண்டு வருகின்றன. பணம் கொடுத்தால் மரம் கிடைக்கும். கை கிடைக்குமா?

போவது எப்படி?

கோவையில் இருந்து பாலக்காடு, ஷொரணூர், திரூர் வழியாக ரயில் ஓடுகிறது. கோழிக்கோடு ஸ்டேஷனில் இறங்கி, "குற்றிச்சிறை" என்று சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டு போய் விட்டுவிடுவார். அதிக தூரம் இல்லை.

இது காட்சிசாலை அல்ல. தினமும் ஐந்து வேளையும் தொழுகை நடக்கிற இடம். எனவே தொழுகை நேரத்தில் போய் போட்டோ எடுத்துக் கொண்டு நிற்கக்கூடாது. உள்ளே போக வேண்டுமானால் அங்கே இருக்கிற பெரியவர்களிடம் கேட்டுக் கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். வெளியில் இருந்து பார்ப்பது போதும் என்றால் குளக்கரைதான் நல்ல இடம். சாய்ந்தரம் ஊர்ப் பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து பேசிக் கொண்டிருப்பார்கள்.

நாலு மாடிக் கூரையும் அங்கே இருந்து தெளிவாகத் தெரியும். மேல் மாடியைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பாருங்கள்.